நூறு வயதில் பிள்ளை பெற்றவரின் பெயர்

இதில் ஒருவர் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. மரியாதைக்காகவும் இல்லை, பயத்துக்காகவும் இல்லை. பெயரைச் சொல்லாமலே காலம் தள்ளுவது என் மனைவியின் பழக்கம். இத்தனை வருஷம் கூடவே இருந்ததில் எனக்கும் தொற்றிக்கொண்டது. எனக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று அப்பா வைத்தது, இன்னொன்று நானாகத் தேடி வைத்துக்கொண்டது. இரண்டாவதை வைத்துக்கொண்டு நான் அடித்த கூத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பெக்கோக் ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் ஒன்றரை மணி நேரம் உள்ளே போனால் வரும் ரப்பர் தோட்டத்தில் நான் இரண்டாவது கிராணி, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தா. துரையின் வேலையைப் பெரிய கிராணி செய்வார். பெரிய கிராணியின் வேலையை நான் செய்வேன். விடிவதற்கு முன்னால் ஆட்கள் ஆபீஸ் வாசலில் வரிசையாக நிற்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு செக்ரோல் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவேன். ஒரே பெயரில் நாலு பேர் இருந்தார்கள். அவர்களைப் பிரித்துக் காட்ட நெட்டை, குட்டை, மாறுகண், புது ஆள் என்று பெயருக்கு முன்னால் எழுதிவைத்தேன். அந்தப் புது ஆள் தோட்டத்துக்கு வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அவனும் கேட்கவில்லை, நானும் மாற்றவில்லை.

என் பெயரை மட்டும் யாரும் கூப்பிட்டதில்லை. துரைக்கு நான் கிராணி. ஆட்களுக்குக் கிராணியார். என்னைவிட இரண்டே வயது மூத்த பெரிய கிராணிக்குத் தம்பி. வீட்டில் 'என்னங்க'. மாதக்கணக்கில் என் பெயர் என் காதில் விழாமலே போகும். அப்போது அதை ஒரு குறையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் புது வாழ்க்கை தொடங்குவதில் ஒரு பைத்தியம் உண்டு. இந்தத் தோட்ட வேலைக்காக நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியது முதல் தடவை. அலையில் குடல் புரண்டு கிடந்தபோதே மூன்று சபதம் எடுத்தேன்: மூக்குப்பொடி போடுவதை விடுவது, இங்கிலீஷைக் கரைத்துக் குடிப்பது, தினமும் நாட்குறிப்பு எழுதுவது. பொடியை மூன்று முறை விட்டேன். துரை கோபமாக இருக்கிறார் என்று தெரிகிற அளவுக்கு இங்கிலீஷ் வந்தது, எதற்காகக் கோபம் என்று தெரிகிற அளவுக்கு வரவில்லை. நாட்குறிப்பு பதினோரு பக்கத்தோடு நின்றது. பதினோரு பக்கத்திலும் மழை பெய்தது என்றுதான் எழுதியிருந்தேன்.

இப்படி இருக்கும்போது மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் ஒருவர் ரயிலேறி வர ஆரம்பித்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடக் கொட்டகையில் ஆராதனை நடத்துவார். அவரை நான் கேலி செய்ய மாட்டேன். நல்ல மனிதர். கேலிக்கு நான் ஒருவனே போதும்.

ஒரு தடவை அவர் வேதத்தில் பெயர் மாற்றப்பட்டவர்களைப் பற்றிப் பேசினார். ஆற்றுத்துறையில் விடியும்வரை மல்லுக்கட்டி, தொடைச்சந்து பிசகி, நொண்டிக்கொண்டே புதுப் பெயரோடு கிளம்பினவரைச் சொன்னார். வலை வீசிக்கொண்டிருந்த ஒருவரைக் கர்த்தர் பாறை என்று கூப்பிட்டதைச் சொன்னார். பிறகு பிறந்த நாட்டையும் தகப்பன் வீட்டையும் விட்டுப் புறப்பட்ட ஒரு பெரியவரைச் சொன்னார். மனைவி வயிற்றில் ஒரு பிள்ளையில்லாமல் தொண்ணூற்றொன்பது வயதுவரை இருந்தவர். அந்த வயதில் கர்த்தர் அவர் பெயரை மாற்றி, இனி நீ பலருக்குத் தகப்பன் என்றார். நூறாவது வயதில் அவருக்கு மகன் பிறந்தான். வேதத்தில் பெயரை அழகுக்காக மாற்றுவதில்லை, பெயரோடு ஒரு சுமையையும் தூக்கிக் கொடுப்பார்கள் என்று போதகர் சொன்னார். பெயர் என் காதில் நன்றாக விழுந்தது. சுமை விழவில்லை.

அன்றைக்கு என் மனதில் நடந்தது பொய்யில்லை. கொட்டகையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். முப்பத்தாறு வயதுவரை எதையும் உருப்படியாக முடிக்காத ஒருவனுக்கு, தொண்ணூற்றொன்பது வயதுக்காரரைக்கூடப் புதிதாகத் தொடங்க வைக்கிற கடவுள் ஒருவர் இருக்கிறார் என்பது பெரிய ஆறுதல். அந்த ஆறுதல் இன்றைக்கும் எனக்கு இருக்கிறது. ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டேன். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது.

என்ன பெயர் வைக்கலாம் என்று போதகர் கேட்டார். சீஷர்கள் பெயர் நாலைந்தை அவரே எடுத்துக் கொடுத்தார். எல்லாம் அடக்கமான பெயர்கள். நான் அந்தப் பெரியவர் பெயர்தான் வேண்டும் என்றேன். நானும் நாட்டை விட்டு வந்தவன்தானே என்று காரணம் வேறு சொன்னேன்.  போதகர், வீட்டில் கேட்டீர்களா என்றார். அவளுக்கு இதெல்லாம் தெரியாது ஐயா என்று சொல்லிவிட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பிள்ளை இல்லை. என் மனைவி போகாத கோயில் இல்லை, குடிக்காத கஷாயம் இல்லை. ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் எந்த வீட்டில் தொட்டில் கட்டினாலும் முதல் ஆளாகப் போய்க் கூடமாட வேலை செய்துவிட்டு, குழந்தையைத் தூக்காமல் திரும்பி வருவாள். அந்த வீட்டுக்குள் நான் 'பலருக்குத் தகப்பன்' என்ற பெயரை, மூவார் டவுனிலிருந்து புது நாற்காலி வாங்கி வந்தவன்போலத் தூக்கிக்கொண்டு போனேன்.

அவளும் என்னோடு ஞானஸ்நானம் எடுத்துக்கொள்வாள் என்று நினைத்திருந்தேன். அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. 'நீங்க போயிட்டு வாங்க, நான் கரையில உக்காந்திருக்கேன்' என்றாள். ஒரு சுவரில் அவள் சாமி படம், எதிர்ச் சுவரில் என் வேதப்புத்தகம், நடுவில் சோற்றுத்தட்டு என்று வீடு இரண்டாகிவிடுமோ என்று பயம் வந்தது. இவள் என்னோடு வருவாளா, மாட்டாளா? அந்த நாட்களில் என்னைக் குடைந்த கேள்வி அது ஒன்றுதான். என்னால் ஆனதைச் செய்தேன், அதாவது தினமும் சாயங்காலம் அவளுக்குப் பிரசங்கம் செய்தேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

ஞானஸ்நானம் ஆற்றில் நடந்தது. சேற்றில் கால் வழுக்கி, போதகர் முக்குவதற்கு முன்னாலேயே நானாக ஒரு முறை முங்கிவிட்டேன். அவர் தூக்கி நிறுத்தி முறைப்படி மறுபடி முக்கினார். என் புதுப் பெயரை அவர் உரக்கச் சொன்ன நேரத்தில் என் காதெல்லாம் தண்ணீர். கரையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள், நான் கேட்கவில்லை. பிறகு அந்தப் பெரியவரின் கதையைப் போதகர் முழுக்க வாசித்து விளக்கினார். நான் நடுங்கிக்கொண்டு நின்றேன். என் மனைவி என் காய்ந்த வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு காலில் ஏறும் அட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் கவனிக்கவில்லை என்றே நினைத்தேன்.

புதுப் பெயரைக் குடையில் எழுதினேன். தகரப் பெட்டியில் எழுதினேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரிடம் போய் அவர் புத்தகத்தில் பழைய பெயரை அடித்துவிட்டுப் புதுப் பெயரை எழுத வைத்தேன். கங்காணி ஒருவர் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் வீட்டுப் பக்கம் பார்த்தார். 'நல்ல பேருங்க, கிராணியாரே' என்று சொல்லிவிட்டுப் போனார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அன்று முழுக்கத் திரிந்தேன்.

ஆனால் யாரும் கூப்பிடவில்லை. துரைக்குக் கிராணி, ஆட்களுக்குக் கிராணியார், வீட்டில் 'என்னங்க'. கர்த்தர் கொடுத்த பெயரைப் பயன்படுத்த மாதத்துக்கு ஒரு முறை வரும் போதகர் ஒருவரைத் தவிர ஆளில்லை. அவரும் பழக்கதோஷத்தில் 'சகோதரரே' என்றுதான் கூப்பிட்டார்.

எங்கள் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். கட்டாயம் சொல்லியாக வேண்டிய இடத்தில் ஜாடையாகச் சொல்வார்கள். சந்திரன் பெயர் என்றால் வானத்தைக் காட்டுவார்கள். தோட்டத்தில் ஒருத்திக்குப் புருஷன் பெயரில் 'துரை' என்ற சொல் இருந்ததால், வெள்ளைக்காரத் துரையை அவள் தொப்பிக்காரர் என்றே கடைசிவரை சொல்லிவந்தாள். புதிதாக ஆட்கள் வந்து இறங்கும் நாட்களில் நான் பெயர் எழுதும்போது, இந்தப் பெண்களைப் போட்டு விரட்டியிருக்கிறேன். நேரமாகிறது, சொல்லித் தொலை என்று கத்துவேன். அவர்கள் பக்கத்தில் நிற்பவளை இடித்து, நீ சொல்லேன் என்பார்கள். எனக்குப் பழைய பெயர் இருந்தவரை என் மனைவிக்குச் சிரமம் இல்லை. மலைமேல் நிற்கிற சாமி என்றால் யாருக்கும் புரிந்துவிடும். புதுப் பெயருக்கு அவள் என்ன செய்வாள் என்று நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

பெயர் மாற்றி ஆறு மாதம் ஆகியிருக்கும், எனக்குக் கடுமையான மலேரியா வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்த டிரெஸ்ஸர், இது என் கையில் அடங்காது என்று சொல்லி, ரயிலில் கொண்டுபோய் டவுனில் இருந்த அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வார்டில் இடமில்லை. கட்டிலை முன்பக்கத்து வராந்தாவில், ஒரு மூங்கில் தட்டிக்குப் பின்னால் போட்டார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் பெயர் கேட்டு உள்ளே அனுப்புகிறவரின் மேஜை. அவர் தமிழர். அங்கே பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். நாக்கு வீங்கி வறண்டு, என்னால்தான் ஒரு சொல் பேச முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் அவள் வந்தாள். அதுவரை அவள் தனியாக ரயிலேறினதில்லை. குரலைக் கேட்டதும் எனக்குப் பாதிக் காய்ச்சல் இறங்கினமாதிரி இருந்தது. மேஜைக்காரர் புருஷன் பேரு என்னம்மா என்று கேட்டார்.  அவர் இன்னொரு முறை கேட்டார். மலைமேல நிக்கிற சாமி பேருங்க என்றாள். அவர் பெயரைக் கண்டுபிடித்து, ஏடு முழுக்கத் தேடி, அப்படி யாரும் இங்கே இல்லை என்றார். டிரெஸ்ஸர் புத்தகத்தில் நான் திருத்த வைத்ததைப் பார்த்துத்தானே இங்கே சீட்டு எழுதியிருந்தார்கள். அவளுக்கு அது புரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்து, வேற பேருல போட்டிருப்பாங்க என்று சொன்னாள்.

வேற பேர்னா என்ன பேர் என்று அவர் கேட்டார். பின்னால் வரிசை நீண்டுவிட்டது. கைக்குழந்தைகள் அழும் சத்தம் கேட்டது. என் மனைவி மெதுவாகத் தொடங்கினாள். நாட்டை விட்டு வந்த பெரியவருங்க என்றாள். அவருக்குப் புரியவில்லை. சாமி வந்து பேரை மாத்தினவருங்க என்றாள். புரியவில்லை. அம்மா, என்னைப் பாத்தா விடுகதை போடுற ஆளு மாதிரி தெரியுதா என்று அவர் அலுத்துக்கொண்டார்.

கடைசியில் அவள் சொன்னாள்: "நூறு வயசுல பிள்ளை பெத்தவரு பேருங்க."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. மேஜைக்காரரும் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை, வெயில் நேரத்து அலுப்பில் ஒரு வேடிக்கை அவருக்கு. நூறு வயசுலயா, அப்ப உன் வீட்டுல எத்தனை பிள்ளைம்மா என்று கேட்டார்.

"எங்களுக்கு இல்லீங்க" என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. அது நின்றதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. அத்தனை பெண்களும் குழந்தைகளோடு அவளைப் பார்த்துக்கொண்டு நிற்பது தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்தே தெரிந்தது. வாயைத் திறந்து அவளைக் கூப்பிடப் பார்த்தேன். காற்றுத்தான் வந்தது. இவ்வளவையும் செய்துவைத்த மகான் மூன்றடி தூரத்தில் போர்வைக்குள் கிடக்கிறான். கட்டில் கம்பியைக் கையால் தட்டினேன். விடாமல் தட்டினதில், கடைசியில் யாரோ மூங்கில் தட்டியை விலக்கிப் பார்த்தார்கள்.

உள்ளே வந்தவள் என்னைத் திட்டவில்லை. அழவும் இல்லை. கொண்டுவந்த கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். வாயோரத்தில் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள். வெட்கத்தில் என் கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் அதைக் காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டாள், அல்லது எடுத்துக்கொண்டதாகக் காட்டினாள்.

பத்து நாளில் எழுந்து நடமாடினேன். திரும்பும்போது ரயிலில் எங்கள் பெட்டியில் அதிகக் கூட்டமில்லை. ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. பத்து நாளும் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் ஒரு மன்னிப்புப் பேச்சு தயார் செய்திருந்தேன். அதில் மூன்று பகுதிகள் இருந்தன. முதல் பகுதியின் நடுவில் எனக்கே வார்த்தை சிக்கிக்கொண்டது. போதகரிடம் சொல்லிப் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லி முடித்தேன். வேண்டாம், அது சட்டையா மாத்தி மாத்திப் போட என்றாள்.

அந்தக் கதை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஆற்றங்கரையில் கேட்டதாகச் சொன்னாள். பெயர் மாறினால் ஜாடை வேண்டுமே, யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே என்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டாளாம். ஆறு மாதம் சாயங்காலம் சாயங்காலம் நான் செய்த பிரசங்கத்தில் அந்தக் கதை முழுதாக வரவே இல்லை என்றும் சொன்னாள்.

"நீங்க உங்க பேரு வர்ற இடத்தோட நிறுத்திடுவீங்க. அதுக்கு அப்புறந்தான் அந்தப் பெரியவரு சம்சாரம், அந்தம்மா பேரையும் சாமி மாத்துறாரு. பிள்ளை பொறக்கும்னு சொன்னதும் அந்தம்மா கூடாரத்துக்குள்ள நின்னு சிரிச்சாங்களாம். எனக்குச் சிரிப்பு வரலைங்க."

 வேதத்தை எனக்கு விளக்க ஆள் தேடி ரயிலில் ஒருவரை மாதாமாதம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆள் என் வீட்டில் கல் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். என்னை ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவள் கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் கேட்கவில்லை. நான்தான் வழக்கமான அவசரத்தில் அடுத்த தப்பைச் செய்தேன். அடுத்த மாதம் நீயும் ஞானஸ்நானம் எடுத்துக்கொள், அந்த அம்மா பெயரையே உனக்கு வைத்துவிடலாம், ராஜகுமாரி என்று அர்த்தம் என்றேன்.

அவள் சொன்னாள்:

"வர்றேன். தண்ணியில முங்கச் சொன்னா முங்குறேன். அழுதுக்கிட்டு வந்தீங்களே அன்னிக்கு, அப்பவே வரணும்னுதான் இருந்துச்சு. புதுப் பேரு மட்டும் வேணாம். எனக்குன்னு ஒரு பேரு இருக்கு. எங்கம்மா வச்சது. பதினோரு வருஷத்துல நீங்க ஒரு தடவை அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை."

நான் மறுக்க வாயெடுத்தேன். அவளை எப்படியெல்லாம் கூப்பிட்டிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். இந்தா, ஏய், என்ன பண்றே, எங்கே போனே. பதினோரு வருஷத்தில் எங்கே தேடியும் அவள் பெயர் என் வாயில் இல்லை. அவள் என் பெயரைச் சொல்லாதது வழக்கம், மரியாதை. அவள் பெயரைச் சொல்லக் கூடாது என்று எனக்கு யாரும் விதி போடவில்லை. என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்று வருத்தப்பட்டுக் குடையிலும் பெட்டியிலும் எழுதிக்கொண்டு திரிந்தவன் நான்.

பெக்கோக்கில் இறங்கினோம். பிளாட்பாரத்தில் அன்றைக்குச் சந்தைக்கு வந்த கூட்டம். அவள் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, வண்டிக்காரன் போய்விடப் போகிறான் என்று முன்னால் வேகமாக நடந்தாள். எனக்குக் கால் இன்னும் தேறவில்லை. இடையில் ஆட்கள் வந்துவிட்டார்கள். பெரட்டில் முந்நூறு பேரைக் கூப்பிடுகிற தொண்டை எனக்கு.  அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

அவள் திரும்பவில்லை. நடந்துகொண்டே இருந்தாள். கோபம்தான், இவ்வளவு நாள் கழித்து வந்த கோபம் என்று நினைத்தேன். இன்னும் உரக்க இரண்டாவது முறை கூப்பிட்டேன். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நின்றாள். ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நான் கிட்டே போய்ச் சேர்ந்தபோது, முதலிலேயே காதில் விழுந்ததாகச் சொன்னாள்.

"யாரோ வேற யாரையோ கூப்பிடுறாங்கன்னு நெனச்சேங்க" என்றாள்.